அத்திப்பள்ளியைத் தாண்டினால் கல்யாணம் செல்லாதா? ஒரு மொய் நோட்டு வழக்கு

2023 ஜூன் கடைசி வாரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்த அந்த அம்மா, மஞ்சப்பைக்குள் கைவிட்டு முதலில் எடுத்தது ஓர் ஆங்கிலக் கடிதம். "பெங்களூருலேருந்து வந்துருக்கு சார். எம் பொண்ணு படிச்சிட்டு என்னான்னு சொல்ல மாட்டேங்குது, அழுவுது. நீங்களே படிச்சிச் சொல்லுங்க."

படித்தேன். ஒரு பத்திதான். புரோகிதர் இல்லாமல், சப்தபதி என்னும் ஏழடிச் சடங்கு இல்லாமல், தாலியும் இல்லாமல், பதிவும் செய்யாமல் தமிழ்நாட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் திருமணத்தைக் கர்நாடகத்தில் செல்லுபடியாகும் திருமணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே காலஞ்சென்ற ஊழியரின் வருங்கால வைப்பு நிதியை, அவர் 1993-இல் எழுதிக்கொடுத்த நாமினிக்கே வழங்க உத்தேசித்திருக்கிறோம். ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் தெரிவிக்கவும்.

நாமினி, இறந்தவரின் கூடப்பிறந்த தம்பி.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது இதுதான்: "அப்போ இருவத்தேழு வருசமா நான் யாரு சார்?"

(அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் தீர்ப்புகளும் உள்ளது உள்ளபடி.)

நடந்தது

கணவர் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர். 1993-இல் பெங்களூர் பீன்யாவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் சேர்ந்தார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். சேர்ந்த அன்று நீட்டிய படிவங்களில் பிஎஃப் நாமினி என்ற கட்டத்தில் தம்பி பெயரை எழுதினார். வேறு யாரை எழுதுவார்?

1996 தை மாதம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் அப்பா முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பழைய கழகத்துக்காரர். ஐயர் உள்ளே வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். கடலூரில் இது புதுமை இல்லை. 1944-இல் பெரியார் மீது செருப்பு வீசப்பட்ட ஊர் இது. பின்னாளில் அதற்காகவே அவருக்குச் சிலை வைத்த ஊரும் இதுதான். ஒரு பெரியவர் தலைமை தாங்கினார். மைக்கில் இரண்டு பேரும் உறுதிமொழி சொன்னார்கள், மாலை மாற்றினார்கள், வாழ்த்துரை வழங்கினார்கள், சாப்பிட்டார்கள். தாலி வேண்டாம் என்பதும் மாமனாரின் பிடிவாதம்தான்.

அடுத்த மாதம் பெங்களூர். 1998-இல் மகள். 2021-இல் கணவருக்குச் சிறுநீரகம் கைவிட்டது. மருத்துவ விடுப்பில் கடலூருக்கே வந்துவிட்டார்கள். வாரம் இரண்டு தடவை புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்து கூட்டிவந்தது யார் என்றால், அந்தத் தம்பிதான். முள்ளோடை தாண்டிப் போகும் அந்தச் சாலையில் அவர் எத்தனை நடை போயிருப்பார் என்று கணக்கில்லை. செலவழித்த பணத்துக்கு மட்டும் அவரிடம் கணக்கு இருந்தது. 2023 மார்ச்சில் அண்ணன் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செலவைப் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சு தடித்தது. ஏப்ரலில் தம்பி பெங்களூருக்குப் போய் நாமினி என்ற முறையில் மனுக் கொடுத்தார்.

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டுச் சட்டத்தை மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் 'சப்தபதி' என்ற சொல் யார் வாயிலிருந்தும் தானாக வருவதில்லை. பின்னால் ஓர் ஆஸ்பத்திரி பில் இருக்கும், இல்லையென்றால் ஒரு வீட்டு மனை இருக்கும்.

முடிச்சு எங்கே

அந்த ஆலை பிஎஃப் பணத்தைச் சொந்த அறக்கட்டளை மூலம் நிர்வகிக்கிறது. அப்படி நடத்தினாலும் 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் விதிகளுக்குக் குறைந்து போக முடியாது. அந்தத் திட்டத்தின் 61-ஆம் பத்தியில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. குடும்பம் இல்லாத உறுப்பினர் யாரை வேண்டுமானாலும் நாமினியாகப் போடலாம். ஆனால் பிறகு அவருக்குக் குடும்பம் அமைந்தால் அந்த நாமினேஷன் அந்தக் கணமே செல்லாததாகிவிடும். மனைவி என்றால் குடும்பம். கூடப்பிறந்த தம்பி அந்த வரையறைக்குள் வரமாட்டார்.

ஆக, 1993 படிவம் உயிரோடு இருக்க வேண்டுமானால் 1996 கல்யாணம் நடந்திருக்கக் கூடாது. தம்பியின் மனுவுக்கு வாசகம் சொல்லிக்கொடுத்த வக்கீலுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் 27 வருஷம் அண்ணி வீட்டில் சாப்பிட்டவர் "மேற்படி பெண்மணி" என்று எழுதமாட்டார்.

பணத்தை விடவும் எனக்குக் கவலை பென்ஷன். 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் விதவைக்கு மாதாமாதம் வரும் தொகை பெரிதில்லை. ஆனால் அதற்கான படிவம் 10டி அதே ஆலையின் கையெழுத்தோடுதான் போக வேண்டும். மனைவி இல்லை என்று ஒரு கடிதத்தில் எழுதியவர்கள் இன்னொரு படிவத்தில் மனைவி என்று கையெழுத்துப் போடுவார்களா?

முதல் யோசனை எல்லோருக்கும் வருவதுதான்: இப்போதாவது பதிவு செய்துவிடலாமே. முடியாது. பதிவுக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒருவர் கெடிலத்தங்கரையில் சாம்பலாகிவிட்டார். வாரிசுச் சான்றுக்கு மனுப் போட்டோம். தம்பி ஆட்சேபித்தார். தகராறு இருப்பதால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும் என்று பதில் வந்தது. அது முறையான பதில்தான். யார் மனைவி என்று தீர்ப்பளிப்பது வட்டாட்சியர் வேலை இல்லை.

சப்தபதி என்னும் பூச்சாண்டி

1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் படித்தவர்களைவிட அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அதிகம். அது சொல்வது இவ்வளவுதான்: மணமக்களில் எவரேனும் ஒருவர் தரப்பு வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும், அந்தச் சடங்கில் சப்தபதி ஓர் அங்கமாக இருந்தால், ஏழாவது அடி வைத்ததும் திருமணம் முழுமை பெறும். 'இருந்தால்' என்ற சொல்லை விழுங்கிவிட்டுத்தான் பாதி வக்கீல் நோட்டீஸ்கள் எழுதப்படுகின்றன.

ஆனால் சுயமரியாதைத் திருமணத்துக்கு 7-ஆம் பிரிவு போதவில்லை. அது வழக்கத்தைக் கேட்கிறது. சுயமரியாதை இயக்கமோ வழக்கத்தை உடைக்க வந்தது. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கை வைத்தது இந்த இடத்தில்தான். நேற்று ஆரம்பித்ததை வழக்கம் என்று சொல்ல முடியாது, ஆகவே இப்படி நடந்த திருமணம் செல்லாது என்றது. 1954-ஆம் ஆண்டு சட்ட இதழில் வெளியான அந்தத் தீர்ப்பு, அதுவரை மேடையில் மாலை மாற்றிக்கொண்ட அத்தனை தம்பதிகளின் தலைக்குமேலும் கத்தியாகத் தொங்கியது. பிள்ளைகளின் பிறப்பு என்ன, சொத்து யாருக்கு என்ற கேள்வி வீடு வீடாக எழுந்தது.

அண்ணா முதலமைச்சரானதும் 1967-இல் கொண்டுவந்த 21-ஆம் எண் சட்டம் அந்தக் கத்தியை இறக்கியது. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 1968 ஜனவரி 20 முதல் நடப்புக்கு வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய அந்தப் பிரிவில் 'சுயமரியாதை', 'சீர்திருத்த' என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு ஆங்கிலம் தேட யாரும் மெனக்கெடவில்லை. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், உன்னை மனைவியாக, கணவனாக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும். இல்லை, மாலை மாற்றினாலோ விரலில் மோதிரம் போட்டாலோ போதும். இல்லை, தாலி கட்டினால் போதும். மூன்றில் ஏதாவது ஒன்று. அதோடு, சட்டம் வருவதற்கு முன்னால் இப்படி நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்று பின்னோக்கியும் கதவைத் திறந்துவிட்டது.

2001-இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில் இந்தப் பிரிவு உச்ச நீதிமன்றத்தில் உரசிப் பார்க்கப்பட்டது. முதல் மனைவி இருக்க, திருத்தணியில் இரண்டாவது கல்யாணம் செய்த ஒருவர், அதில் சப்தபதி நடக்கவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை, இருதார மணக் குற்றமும் இல்லை என்று வாதாடினார். 7-ஏ இருக்கும்போது சப்தபதி எதற்கு என்று நீதிமன்றம் அவரை வழிக்குக் கொண்டுவந்தது. சப்தபதியைத் தேடுகிறவர் பெரும்பாலும் பக்தர் அல்லர், தப்பிக்கப் பார்ப்பவர் என்பது என் அனுபவமும்கூட.

இடையில் ஒரு சின்ன பயம். கணவரின் தாய்வழிப் பாட்டன் வீடு பாகூர்ப் பக்கம், அதாவது புதுச்சேரி மண். புதுச்சேரி என்றதும் எங்கள் பக்கத்து வக்கீல்கள் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன்: "உங்க வீட்டுக்காரர் வம்சத்துல யாராச்சும் ரெனோன்சானா?" 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்களின் வழிவந்தவர்களுக்கு இந்துத் திருமணச் சட்டமே பொருந்தாது, 2-ஆம் பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. அப்படி இருந்திருந்தால் 7-ஏவைத் தூக்கிக் கெடிலத்தில் போட வேண்டியதுதான். நல்லவேளை, இல்லை. அதுவும் தாய்வழி.

எல்லைக்கோடு

இப்போது பெங்களூர்க் கடிதத்தின் கூரான பகுதிக்கு வருவோம். அதை எழுதியவர் சாதாரண ஆள் இல்லை. அவர் பிடித்துக்கொண்டது அரசியல் சட்டத்தின் 254(2). திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் 'அந்த மாநிலத்தில்' செல்லும். அந்த மாநிலம் என்றால் தமிழ்நாடு. ஆகவே 7-ஏ ஓசூரோடு நின்றுவிடும், அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டாது.

பாதி சரி. 7-ஏ அத்திப்பள்ளியைத் தாண்டாது. அதை வைத்து நாளைக்குப் பீன்யாவில் ஒரு சுயமரியாதைத் திருமணம் நடத்த முடியுமா என்று கேட்டால் நானும் தயங்குவேன். ஆனால் எங்கள் வழக்கில் கல்யாணம் நடந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஒரு திருமணத்தின் சடங்கு முறை சரியா என்று பார்க்க வேண்டியது அது நடந்த இடத்துச் சட்டத்தை வைத்து. நாடு விட்டு நாடு போகும் திருமணங்களுக்கே நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி அது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் மாலை மாறிய கணத்தில் இருவரும் கணவன் மனைவி ஆகிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ரயிலேறிப் போனது இரண்டு தனி ஆட்களாக அல்ல, ஒரு தம்பதியாக. சட்டம் எல்லையில் நிற்கலாம். அந்தச் சட்டத்தால் ஒருமுறை மனைவியானவள் எல்லையில் இறங்கிக் கன்னியாக நடந்து போவதில்லை.

ஆலைக்கு அனுப்பிய பதிலில் அரசியல் சட்டத்தின் 261(1)-ஐயும் எழுதினேன்: ஒவ்வொரு மாநிலத்தின் பொதுச் செயல்களுக்கும் ஆவணங்களுக்கும் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கும் இந்தியா முழுக்க முழு நம்பிக்கையும் மதிப்பும் தர வேண்டும். ஆனால் அதன்மேல் முழு எடையையும் வைக்கவில்லை. மண்டபத்தில் நடந்த கல்யாணம் அரசாங்க ஆவணம் இல்லை. பதிவுச் சான்றிதழ் இருந்திருந்தால் பேச்சு வேறு.

இதே வாசகத்தோடு ஒரு பிரிவு அமெரிக்க அரசியல் சட்டத்திலும் உண்டு. அங்கேயும் ஒரு மாநிலத்துக் கல்யாணத்தை இன்னொரு மாநிலத்துக்குத் தூக்கிப்போக அது உதவவில்லை. வெள்ளையரான ரிச்சர்ட் லவ்விங்கும் கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெட்டும் 1958-இல் வாஷிங்டன் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். சில வாரத்தில் நள்ளிரவில் போலீஸ் படுக்கையறைக்குள் நுழைந்தது. சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இங்கே அது செல்லாது என்று பதில். ஓராண்டுச் சிறை, அல்லது 25 ஆண்டு அந்த மாநிலத்துக்குள் சேர்ந்து வரக் கூடாது. 1967 ஜூன் 12 அன்று அவர்களைக் காப்பாற்றிய தீர்ப்பு, சம பாதுகாப்பு என்ற 14-ஆவது திருத்தத்தின்மேல் நின்றது. நம் சட்டமன்றத்தில் 7-ஏ நிறைவேறியதும் அதே ஆண்டு.

அதன்பின் 2013-இல் இன்னொன்று. ஒஹையோவில் வாழ்ந்த ஜிம் ஓபர்கெஃபெலும் சாகும் தறுவாயில் இருந்த அவருடைய துணைவர் ஜான் ஆர்தரும் சிறிய விமானத்தில் மேரிலாந்துக்குப் பறந்து, பால்டிமோர் விமான நிலையத்தில் விமானத்தைவிட்டு இறங்காமலே திருமணம் செய்துகொண்டார்கள். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: இறப்புச் சான்றிதழில் 'துணைவர்' என்ற கட்டத்தில் ஒரு பெயர். ஒஹையோ மறுத்தது. 2015 ஜூன் 26 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு, ஒருபாலினத் திருமண உரிமையோடு, வேறு மாநிலத்தில் முறையாக நடந்ததை ஏற்கத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துத் தீர்த்தது. நம் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் அந்தக் கதவைத் திறக்க மறுத்துவிட்டது. அது தனி விவாதம். எனக்கு இங்கே உறைத்தது ஒன்றுதான். ஒஹையோவிலும் இங்கேயும் சண்டை ஒரு காகிதத்தின் ஒரு கட்டத்துக்காக.

நோட்டு

சட்டம் நம் பக்கம் இருந்தால் மட்டும் ஆகாது. 1996 தையில் அந்த மண்டபத்தில் அது நடந்தது என்று காட்ட வேண்டும்.

ஆல்பம் இல்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் முதுநகர் வீட்டுக் கூரை பறந்தபோது ஆல்பமும் அழைப்பிதழ்களும் கூழாகிவிட்டன. மண்டபம் கைமாறிவிட்டது. தலைமை தாங்கிய பெரியவர் மட்டும் 80-ஐத் தாண்டி இருந்தார். பிரமாணப் பத்திரம் தந்தார். ஆனால் அவர் கையெழுத்தே பார்ப்பவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவு நடுக்கம். மகளின் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, இஎஸ்ஐ அட்டை இருந்தன. இஎஸ்ஐ குடும்பப் படிவத்தில் மனைவி என்று எழுதி, ஒட்டிய படத்தின்மேல் முத்திரை குத்தியது அதே ஆலைதான். அதை எழுதியபோது அவர்களுக்குச் சப்தபதி நினைவு வரவில்லை போலும்.

மூன்றாம் முறை வந்தபோது அந்த அம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். "அப்பாவோட பொட்டியில கெடந்துச்சு. இது ஆவுமா பாருங்க."

உள்ளே நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. முதல் பக்கத்தின் உச்சியில் பழக்கதோஷத்தில் யாரோ பிள்ளையார் சுழி போட்டிருக்க, அதை வேறு மையில், தாள் கிழியும்படி அழுத்தி அடித்துவிட்டு, கீழே 'வாழ்க தமிழ்' என்று எழுதியிருந்தது. அடித்தது அப்பா என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா! அதன்கீழ் மணமக்கள் பெயர், மண்டபத்தின் பெயர், தேதி. பிறகு வரிசையாக மொய்: செம்மண்டலம் சைக்கிள் கடை 21. ஓ.டி. பாய் வீடு 51, எவர்சில்வர் குடம் 1. பாகூர்ப் பெரியம்மா 101. ஹார்பர் கூலி சங்கம் 151. மொத்தம் 143 பெயர். கடைசிப் பக்கத்தில் செலவு: மைக்செட் 350, வாழைமரம் 60, மாலை ஜோடி 1க்கு 140.

எனக்கு அந்த மாலை வரி போதும். உறவினர், நண்பர் முன்னிலை என்பதற்கு 143 பேர். மாலை மாற்றினார்கள் என்பதற்கு 140 ரூபாய். 7-ஏ கேட்பதெல்லாம் ஒரே நோட்டில்.

"எழுதினது யாரும்மா?"

"மொய் எழுத ஒக்காந்தது எங் கொழுந்தனார்தான் சார். வேற யாரு ஒக்காருவா?"

பெங்களூர்க் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருந்த தம்பியின் மனு தமிழில் அவர் கைப்பட எழுதியது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். 'ழ'வின் வால் இரண்டிலும் வரிக்குக் கீழே இறங்கி இடப்பக்கம் சுருண்டு, அடுத்த எழுத்தை முட்டிக்கொண்டு நின்றது. மொய் நோட்டில் அதே 'ழ' 'வாழைமரம்' என்ற சொல்லில். மனுவில் 'வாழ்ந்ததாகக் கூறப்படும்' என்ற இடத்தில்.

2024 ஏப்ரல்

நான்கு பக்கக் கருத்துரையும் நோட்டின் நகலும் போய்ச் சேர்ந்த அந்த மாதத்திலேயே, 2023 ஆகஸ்ட் 28 அன்று, இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 7-ஏ திருமணத்துக்கு ஊரறிய அறிவிப்போ பெரிய கூட்டமோ கட்டாயமில்லை, 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன குறுகலான பார்வை தவறு என்றது. எங்களுக்கு 143 பேர் இருந்ததால் அது தேவைப்படவில்லை. இருந்தாலும் நகல் அனுப்பிவைத்தேன். ஆலைத் தரப்பு மௌனம்.

மௌனம் கலைந்தது அடுத்த ஏப்ரலில். டாலி ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சடங்கு நடக்காமல் வாங்கிய பதிவுச் சான்றிதழால் இந்துத் திருமணம் உருவாகாது என்று சொன்னது செய்தித்தாள்களில் பெரிதாக வந்திருந்தது. உடனே ஆலையின் பெங்களூர் வக்கீல் போன் செய்தார்: பாருங்கள் சார், சடங்கு இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வழக்கில் காகிதம் இருந்தது, கல்யாணம் இல்லை. எங்களிடம் கல்யாணம் இருந்தது, காகிதம் இல்லை. பதிவு செய்யத் தவறியதால் திருமணத்தின் செல்லுபடி கெடாது என்று 8-ஆம் பிரிவே சொல்கிறது. இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். தகராறு செய்யும் எண்ணம் அவருக்கும் இல்லை. நாளைக்கு யாரும் தன்மேல் கை நீட்டாதபடி ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். "அந்தத் தம்பியோட கையெழுத்து, இல்லாட்டி ஒரு கோர்ட் ஆர்டர். ரெண்டுல ஒண்ணு குடுங்க."

வழக்குப் போட்டால் ஐந்தாறு வருஷம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதன்வழி வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குக் கடலூரிலேயே மனுக் கொடுத்தோம்.

வராந்தாவில்

சமரச அறைக்குள் பேசியதை வெளியே எழுதக் கூடாது. வராந்தாவில் நடந்ததை எழுதலாம்.

அன்றைக்குக் கூட்டம். பெஞ்சில் இடமில்லை. தம்பி ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், இவர்கள் வந்ததைப் பார்க்காத மாதிரி. அந்த அம்மா தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். அவர் எழுந்து, எங்கோ பார்த்தபடி, "இங்க ஒக்காருங்க அண்ணி, காலு வலிக்கும்" என்றார்.

பழைய சாட்சியச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதைக் குடும்பத்தார் நடத்தையில் காட்டும் எண்ணமும் சாட்சியமாகும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே விதி உண்டு. விவாகரத்திலும் இருதார மணக் குற்றத்திலும் அது மட்டும் போதாது, மற்ற இடத்தில் போதும். 1978-இல் பத்ரி பிரசாத் வழக்கில், 50 ஆண்டு கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்களாகவே கொள்ள வேண்டும், மறுப்பவர்தான் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்றார்கள். இத்தனை வருஷத்தில் 50-ஆம் பிரிவு என் காதில் விழும்படி பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். குறித்துக்கொள்ளவில்லை. தேவைப்படாது என்று தோன்றியது.

தேவைப்படவில்லை. மொய் நோட்டை அவர் முன் வைத்தபோது அவர் மறுக்கவில்லை. அடித்த பிள்ளையார் சுழியை விரலால் தடவிப் பார்த்தார். திருமணம் நடந்தது உண்மை, பிஎஃப் தொகையிலும் பென்ஷனிலும் தனக்கு உரிமை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதிலுக்கு, ரசீது இருந்த ஆஸ்பத்திரிச் செலவை பிஎஃப் தொகையிலிருந்து திருப்பித் தருவதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டார். எனக்கு இதில் உடன்பாடில்லை. சட்டப்படி தர வேண்டியதில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். "அவுரு அண்ணனுக்குத்தான செஞ்சாரு, எனக்கா செஞ்சாரு? குடுத்துடலாம் சார்" என்று முடித்துவிட்டார்.

லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், இப்படிப் பதிவாகும் சமரசத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அரசியல் சட்டத்தின் 261(3)-இன்படி அப்படியொரு ஆணை இந்தியாவின் எந்த மூலையிலும் நிறைவேற்றத் தக்கது. மாலை மாற்றியதால் தாண்ட முடியாத அத்திப்பள்ளியை ஒரு முத்திரைத்தாள் தாண்டியது. நான் எழுதிய நான்கு பக்கத்தை எந்த நீதிபதியும் தீர்ப்பாக எழுதவில்லை. ஆலையும் தன் கடிதம் தவறு என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. 'சமரச ஆணையைக் கருதி' என்றுதான் பணம் வந்தது. அடுத்து இதே போல ஒரு பெண் போனால் அதே கடிதத்தைத்தான் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

10டி படிவத்துக்குக் கையெழுத்து விழ மேலும் நான்கு மாதம். பென்ஷன் நிலுவையோடு வந்தது.

பணம் வந்த பிறகு ஒரு நாள் அந்த அம்மா திரும்பவும் வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நோட்டு வேண்டுமாம். அது கட்டோடு இருந்தது. பெட்டியைத் திறந்து எடுத்துக்கொடுத்தேன்.

"பாகூர்ப் பெரியம்மா பேரனுக்கு ஆவணியில திருவந்திபுரத்துல கல்யாணம். அவங்க நமக்கு எவ்ளோ எழுதுனாங்கன்னு பாக்கணும் சார். கம்மியாப் போயிடக் கூடாதுல்ல?"

ஜன்னல் வெளிச்சத்தில் நோட்டைச் சாய்த்துப் பிடித்து, விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டே போனார். "இந்தா, நூத்தியொண்ணு. அந்தக் காலத்து நூத்தியொண்ணு!" என்றார். பிறகு நோட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியை இரண்டு தட்டுத் தட்டி அழுத்திவிட்டு, "ஆயிரமாவது வெக்கணும்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.